இறைமையைத் தேடும் சினிமாவும் வீட்டுத் திரையும்

கடவுள், அருள், துன்பம், மரணம் ஆகியவற்றைக் கதைப்பொருளாக மட்டும் கொள்ளாமல், பார்ப்பவரின் அனுபவமாகவே ஆக்க முயன்ற திரைப்படங்கள் உலக சினிமாவில் ஒரு தனி மரபாக வளர்ந்துள்ளன. கார்ல் தியோடர் ட்ரேயரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ (1928), ‘ஓர்டெட்’ (1955), ராபர்ட் பிரெஸ்ஸோனின் ‘ஒரு கிராமப் பாதிரியாரின் நாட்குறிப்பு’ (1951), இங்மார் பெர்க்மனின் ‘குளிர்கால ஒளி’ (1963), ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்த்ரேய் ருப்லேவ்’ (1966) ஆகியவை அம்மரபின் தூண்கள். பல பத்தாண்டுகளாக இவற்றைத் திரைப்படச் சங்கங்களிலும் விழாக்களிலும் ஆவணக் காப்பகங்களிலும்தான் பார்க்க முடிந்தது. இன்று முபி, கிரைட்டீரியன் சேனல் போன்ற ஓடிடி தளங்களுக்கு மாதச் சந்தா கட்டியவர், இவற்றில் பலவற்றை வீட்டுக் கூடத்திலோ மடிக்கணினியிலோ பார்க்கிறார்.

இந்த மாற்றம் சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்றைப் புதிதாக எழுப்புகிறது. புனிதம் எங்கே உறைகிறது? படிமத்திலா, அது வைக்கப்பட்ட இடத்திலா, அதை நோக்கும் பார்வையிலா? நிறுத்தவும் தாவவும் வேகப்படுத்தவும் கூடிய ஒரு திரையில், தன்னை ஒப்புக்கொடுத்துப் பார்க்கும்படி கேட்கும் படம் தன் வேலையைச் செய்ய முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை காண முதலில் அம்மரபின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பொருளும் வடிவமும்

சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என்ற மூன்று பிரிவுகளில் பிரிவுக்குப் பதினைந்து படங்கள். சமயப் பிரிவில் ‘பென்-ஹர்’ என்ற பிரம்மாண்டப் படமும் இருந்தது. ‘ஓர்டெட்’, ‘ஆந்த்ரேய் ருப்லேவ்’ போன்ற அடங்கிய படங்களும் இருந்தன. இரண்டு வகையும் சமயத்தைப் பேசுகின்றன. பேசும் முறைதான் வேறு. முதல் வகை அற்புதத்தைக் கண்முன் காட்டிப் பார்ப்பவரை வியக்க வைக்கிறது. இரண்டாம் வகை காட்டாமல் விடுகிறது.

இந்த வேறுபாட்டை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்கரான பால் ஷ்ரேடர். கடுமையான கால்வினிசக் குடும்பத்தில், பதின்பருவத்தின் பிற்பகுதிவரை சினிமாவே பார்க்காமல் வளர்ந்த அவர், 1972இல் இயக்குநர்கள் ஓசு, பிரெஸ்ஸோன், ட்ரேயர் மூவரையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஜப்பானிய பௌத்தச் சூழலில் வந்தவரும், பிரெஞ்சுக் கத்தோலிக்கரும், டேனிஷ் புராட்டஸ்டண்ட் சூழலில் வளர்ந்தவரும் ஒரே வகையான வடிவத்தை நோக்கி நகர்ந்தது எப்படி என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். அன்றாட வாழ்வு எந்த அலங்காரமும் இன்றிக் காட்டப்படுகிறது. பிறகு அந்த அன்றாடத்துக்குள் அடங்காத ஏதோ ஒன்றால் மனிதருக்கும் உலகுக்கும் இடையே விரிசல் தோன்றுகிறது. இறுதியில் அவ்விரிசல் தீர்க்கப்படாமலே ஓர் அசைவற்ற நிலை வாய்க்கிறது. ஷ்ரேடர் வகுத்த மூன்று படிகள் இவை.

பிரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைக் கைவிட்டுப் புதியவர்களைத் தேர்ந்தார். அவர்களை ‘மாதிரிகள்’ என்றே அழைத்தார். உணர்ச்சியை நடித்துக் காட்டாதபடி வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துத் தட்டையாக்கினார். ஓசுவோ, மனிதர் எவரும் இல்லாத அறையையும் துணி உலரும் கொடியையும் புகைபோக்கியையும் காட்சிகளுக்கு நடுவே சில நொடிகள் நிறுத்தினார். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) தாயின் சாவுக்குப் பிறகு வரும் அமைதியில் அழச்சொல்லும் இசையோ விளக்கமோ பெரிதாக இல்லை. காமக்குராவில் உள்ள ஓசுவின் கல்லறையில் பெயர்கூட இல்லை. ‘இன்மை’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது.

இந்த இயக்குநர்கள் பார்ப்பவர் எதிர்பார்ப்பதைத் தராமல் விலக்குகிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்ப்பவரே முன்வர வேண்டும். ஆகவே இவ்வகைப் படம் திரையில் முழுமை பெறுவதில்லை. எதிரே இருப்பவர் கடைசிவரை இருந்தால்தான் முழுமை பெறுகிறது. வீட்டுத் திரை எழுப்பும் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இடம்: ஐகானும் அருங்காட்சியகமும்

வழிபாட்டுக்குரிய படிமத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் என்ன ஆகும் என்ற விவாதம் சினிமாவுக்குப் புதிது, சமயத்துக்குப் பழையது. தார்க்கோவ்ஸ்கி படத்தின் நாயகனான ருப்லேவ், பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள திரித்துவ-செர்கியஸ் மடாலயத்துக்காகத் திரித்துவ ஐகானை வரைந்தார். புரட்சிக்குப் பின் மடாலயங்களின் சொத்துகள் அரசுடைமையானபோது, பாதிரியாரும் கணித அறிஞருமான பாவெல் ஃப்ளோரென்ஸ்கி 1918இல் ஒரு கட்டுரை எழுதினார். ஐகான் தனித்த ஓவியம் அன்று. அசையும் மெழுகுச் சுடரும் தூபப் புகையும் பாடலும் குருமாரின் அசைவும் சேர்ந்த முழுமையின் ஓர் உறுப்பு. அதைப் பிரித்து அருங்காட்சியகத்தின் சீரான ஒளியில் மாட்டினால் உயிர் போய்விடும் என்பது அவர் வாதம். அந்த ஐகான் 1929இல் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. ஃப்ளோரென்ஸ்கி 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 2023இல் ஐகான் மீண்டும் ரஷ்யத் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, பலகையின் நிலை தாங்காது என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

ஃப்ளோரென்ஸ்கியின் வாதத்தைச் சினிமாவுக்குப் பொருத்துவது எளிது. இருட்டு, பெருந்திரை, அந்நியர்களின் மூச்சு, இடையில் எழுந்து போகத் தயங்கும் கூச்சம், நிறுத்த முடியாத ஓட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே திரையரங்கச் சடங்கு. இவற்றிலிருந்து படத்தைப் பெயர்த்து, மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் திறக்கும் அதே கண்ணாடிப் பரப்பில் வைத்தால், அதுவும் உயிரிழந்த ஐகான்தானே என்று கேட்கலாம்.

ஆனால் அதே கிழக்குத் திருச்சபை மரபுக்குள் இன்னொரு குரலும் உண்டு. 787இல் கூடிய இரண்டாம் நைசீயப் பொதுச்சங்கம், படிமங்களை உடைத்தவர்களுக்கு எதிராக ஒரு கொள்கையை நிலைநாட்டியது. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது; படிமத்துக்குச் செய்யும் மரியாதை அதன் வழியாக மூலத்தைச் சென்றடைகிறது. புனிதம் மரப்பலகைக்குள்ளோ வண்ணத்துக்குள்ளோ அடைபட்டிருக்கவில்லை என்பதே இதன் உட்பொருள். அப்படியானால் கடந்துசெல்லும் பார்வை எங்கிருந்து எழுகிறதோ அங்கெல்லாம் படிமம் தன் பணியைச் செய்யும்.

‘ஆந்த்ரேய் ருப்லேவ்’ படத்தின் முடிவு இரண்டாம் நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கிறது. போரும் கொள்ளையும் மௌனமும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படம், கடைசிச் சில நிமிடங்களில் வண்ணத்துக்கு மாறி, ருப்லேவின் ஐகான்களை மிக அருகிலிருந்து காட்டுகிறது. நிறமும் விரிசலும் தங்கப்பூச்சும் திரையை நிறைக்கின்றன. அங்கே கோவிலும் இல்லை, மெழுகுச் சுடரும் இல்லை. ஓவியம் உருவான துன்பத்தைப் பார்ப்பவர் அதுவரை கூடவே இருந்து அனுபவித்திருக்கிறார் என்பது மட்டுமே உண்டு, அதுவே போதுமானதாகிறது. சோவியத் அதிகாரிகள் இப்படத்தை முடக்கிவைத்து, வெட்டப்பட்ட வடிவில் 1971இல்தான் உள்நாட்டில் வெளியிட்டார்கள். இடத்தைப் பறிகொடுத்த ஐகானைப் பற்றிய படம், தானும் நெடுங்காலம் இடமின்றியே இருந்தது.

மூலமும் பிரதியும்

சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்விவாதத்தை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. கலைப்பொருளின் ஒளிவட்டம் அது ஓரிடத்தில் ஒரே ஒரு முறை இருப்பதிலிருந்து வருகிறது. இயந்திரப் பிரதியாக்கம் அதை மங்கச் செய்கிறது. புகைப்படத்துக்கும் சினிமாவுக்கும் ‘அசல்’ என்று ஒன்றைத் தேடுவதே பொருந்தாது. இதை ஏற்றால், திரையரங்கைச் சினிமாவின் கருவறை என்று கொண்டாடுவதில் ஒரு தடுமாற்றம் இருப்பது தெரியும். பிறந்த நாளிலிருந்தே சினிமா பிரதிகளாகத்தான் வாழ்ந்துவந்துள்ளது.

‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ படத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் மூல நெகடிவ் 1928 டிசம்பரில் பெர்லினில் தீக்கிரையானது. விடுபட்ட ஷாட்களைக் கொண்டு ட்ரேயர் தொகுத்த இரண்டாம் வடிவமும் அடுத்த ஆண்டே எரிந்தது. முதல் வடிவம் அழிந்தே போயிற்று என்று உலகம் நம்பியிருந்தபோது, 1981இல் ஓஸ்லோவுக்கு அருகிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் அதன் பிரதி கிடைத்தது. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் நெகடிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகத் தீவிபத்தில் கருகின. எஞ்சியவற்றைப் போலோஞ்யாவின் மீட்புக்கூட வல்லுநர்கள் கையாலேயே செப்பனிட்டு, இயலாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015இல் புதிய டிஜிட்டல் வடிவை வெளிக்கொணர்ந்தார்கள். இன்று வீட்டுத் திரையில் ஓடும் பழம்படங்கள் பலவும் இத்தகைய மீட்புகளின் பயன்கள். அவற்றைத் தரம் குறைந்த நிழல் என்று ஒதுக்குவது, அழிவிலிருந்து அவற்றைத் தூக்கியெடுத்த உழைப்பை மதியாமை ஆகும்.

காலம்: யார் கையில்?

இடத்தைவிடக் காலமே இங்கு அடிப்படையான சிக்கல். புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பதினோராம் பகுதியில், காலத்தை மனத்தின் விரிவாகக் கண்டார். மனப்பாடமான ஒரு திருப்பாடலைச் சொல்லத் தொடங்குபவரின் எதிர்பார்ப்பு முழுப் பாடல்மீதும் பரவியிருக்கும். சொல்லச் சொல்ல எதிர்பார்ப்பு நினைவாக மாறும். இரண்டையும் இணைப்பது நிகழ்கணத்தின் கவனம். கவனம் அறுந்தால் பாடலும் அறும். தார்க்கோவ்ஸ்கியின் சினிமாக் கொள்கையும் இதற்கு மிக அருகில் நிற்கிறது. சினிமாக் கலைஞர் செதுக்குவது காலத்தையே என்பதும், ஒவ்வொரு ஷாட்டுக்குள்ளும் ஓடும் காலத்தின் அழுத்தமே படத்தின் உயிர் என்பதும் அவர் துணிபு.

திரையரங்கில் இந்தக் காலம் படத்துக்கே சொந்தம். பார்ப்பவர் அதற்குள் நுழைகிறார், மாற்ற முடியாது. ஓடிடி தளத்தில் காலம் பார்ப்பவரின் விரலுக்கு வந்துவிடுகிறது. பத்து நொடி தாவும் பொத்தான், எங்கு வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய கோடு, வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் வசதி ஆகியவை இயல்பான உரிமைகளாகிவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் வேக மாற்றத்தைச் சோதித்தபோது இயக்குநர்கள் பலர் கண்டித்தனர்; அடுத்த ஆண்டு அவ்வசதி வழக்கத்துக்கு வந்தது. பரபரப்பான கதைப்படத்துக்கு இதனால் நேரும் இழப்பு சிறிது. காத்திருப்பையே பொருளாகக் கொண்ட படத்துக்கு நேரும் இழப்பு முழுமையானது. காத்திருப்பை வேகப்படுத்தினால் அது காத்திருப்பாக இராது.

இதற்கான நெறியைத் தார்க்கோவ்ஸ்கியின் ‘நொஸ்டால்ஜியா’ (1983) தனக்குள்ளேயே கொண்டிருக்கிறது. ரஷ்யக் கவிஞர் கொர்ச்சகோவ், உலகைக் காப்பதற்கென்று ஊரார் பித்தன் என ஒதுக்கிய டொமெனிக்கோ கேட்டுக்கொண்டபடி, எரியும் மெழுகுவத்தியை ஏந்தி நீர் வடிந்த குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடக்கிறார். சுடர் அணைகிறது, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார். மீண்டும் அணைகிறது, மீண்டும் திரும்புகிறார். மூன்றாம் முறை மறு கரையில் சுடரை வைத்துவிட்டுச் சாய்கிறார். சுமார் ஒன்பது நிமிடம் நீளும் ஒரே ஷாட். அணைந்த இடத்திலிருந்து தொடர அவரை யாரும் தடுக்கவில்லை. கண்காணிக்கவும் ஆள் இல்லை. ஆயினும் தொடர்ச்சி அறுந்தால் செயல் செல்லாது என்று அவர் தனக்குத்தானே விதித்துக்கொள்கிறார். வீட்டுத் திரை முன் அமர்ந்தவரின் நிலையும் இதுதான். புறக்கட்டுப்பாடு எதுவும் இல்லாத இடத்தில், அறுக்காமல் பார்ப்பது என்ற விதியை அவரே ஏற்க வேண்டியிருக்கிறது. முன்பு அரங்கம் சுமத்தியது இப்போது பார்ப்பவர் ஏற்கும் நோன்பாகிறது. நோன்பின் மதிப்பு, மீற வழி இருந்தும் மீறாதிருப்பதில் உள்ளது.

கண்ணின் ஆசையும் கவனமும்

காலத்தைப் போலவே தேர்வும் இங்கே ஒரு சோதனை. அகுஸ்தினார் அதே நூலின் பத்தாம் பகுதியில், அறியும் ஆவல் என்ற போர்வையில் வரும் கண்ணின் ஆசையைத் தம் குறைகளுள் ஒன்றாக ஆராய்கிறார். நாய் முயலைத் துரத்துவதைக் காண வட்டரங்குக்குப் போவதை விட்டுவிட்டாலும், வயல்வெளியில் அது நடந்தால் கவனம் சிதறுகிறது. வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதுகூடத் தம்மை இழுத்துவிடுகிறது என்கிறார். பார்க்கப்படும் பொருள் இழிவானது என்பது அவர் குற்றச்சாட்டு அன்று. ஒன்றிலும் தங்காமல் அடுத்ததற்குத் தாவும் பார்வையே அவரை வருத்துகிறது.

நூற்றுக்கணக்கான செவ்வியல் படங்களின் சுவரொட்டிகள் வரிசையாக நகரும் ஓடிடி முகப்பு, இந்தத் தாவும் பார்வைக்குத் தடையின்றித் தீனி போடுகிறது. உயர்ந்த படங்களின் பட்டியலை மேய்வது உயர்ந்த செயல்போலத் தோன்றுவதால் ஆபத்து கூடுகிறது. பிரெஸ்ஸோனைப் பார்க்கும் பட்டியலில் சேர்த்ததே பிரெஸ்ஸோனைப் பார்த்த நிறைவைத் தந்துவிடும். 2007இல் தொடங்கப்பட்ட முபி தளம் பல்லாண்டுகள் எந்நேரமும் 30 படங்களை மட்டுமே வைத்திருந்தது. நாளுக்கு ஒன்று வரும், முப்பதாம் நாள் போய்விடும். 2020இல் பெரிய நூலகமும் சேர்ந்தது. வணிக உத்தியாகவே இருப்பினும், அந்தப் பழைய ஏற்பாடு எல்லையின் பயனை உணர்த்தியது. போய்விடும் என்று அறிந்தவர் இன்றே உட்கார்ந்து பார்ப்பார்.

தாவும் பார்வைக்கு மாற்றாகச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் முன்வைத்தது கவனம். 1942இல் பள்ளிக் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரையில், கவனத்தைச் செபத்தின் சாரமாகவே கண்டார். புருவத்தை நெரித்து முயல்வது அவர் சொல்லும் கவனம் அன்று. எண்ணத்தை வெறுமையாக்கி, பொருள் தானே தன்னைக் காட்டும்வரை காத்திருப்பது. ஒரு கணக்கைச் செய்யத் தவறினாலும், அதில் செலவிட்ட உண்மையான கவனம் வீணாவதில்லை என்றார். ஓசுவின் ஆளில்லா அறையைப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் இல்லை. அந்தச் சில நொடிகளில்தான் வீட்டிலிருப்பவரின் கை கைப்பேசியை நோக்கிப் போகிறது. அந்தச் சில நொடிகளில்தான் படம் அவரைத் தேடி வருகிறது.

தனிமையும் சபையும்

கவனத்தைத் தனியாளே கைக்கொள்ளலாம் என்றாலும், சமயம் தனியாளோடு முடிவதில்லை. ‘ஓர்டெட்’ படத்தின் முடிவு இதை உணர்த்துகிறது. மறைச்சாட்சியாகக் கொல்லப்பட்ட பாதிரியார் காய் முங்க் எழுதிய நாடகத்தின் திரைவடிவம் அது. கியர்க்கேகோரைப் படித்துத் தன்னைக் கிறிஸ்து என்று நம்பிய யோகன்னஸ், தெளிந்த மனத்துடன் திரும்பிவந்து, பிரசவத்தில் இறந்த அண்ணி இங்கரின் சவப்பெட்டி அருகே நிற்கிறான். சமயப் பிரிவினையால் பகைத்திருந்த இரு குடும்பங்கள் அதே சவப்பெட்டியருகே சமாதானமாகியிருக்கின்றன. ஒரு சிறுமி அவன் கையைப் பற்றிக்கொண்டு தாயை எழுப்பச் சொல்கிறாள். இங்கர் எழுகிறாள். யோகன்னஸின் சொல்லோடு சிறுமியின் நம்பிக்கையும் பகைவரின் சமரசமும் கூடிய ஓர் அறையில் அற்புதம் நிகழ்கிறது. அரங்கில் அதைக் காண்பவர், பக்கத்து இருக்கையில் ஒருவர் அழுவதையும் இன்னொருவர் நம்ப மறுத்து அசைவதையும் சேர்த்தே உணர்கிறார். தனியறையில் அந்த உரைகல் இல்லை.

மறுபக்கம் ‘குளிர்கால ஒளி’ இருக்கிறது. நம்பிக்கை வறண்ட பாதிரியார் தோமாஸ், மாலை வழிபாட்டுக்குச் செல்கிறார். இருக்கைகள் காலி, நம்பிக்கையற்ற மார்த்தா மட்டுமே அமர்ந்திருக்கிறாள். ஆள் வராவிட்டால் வழிபாட்டைக் கைவிடலாம். தோமாஸ் தொடங்குகிறார். சபை தேய்ந்துபோன காலத்திலும் சடங்கைத் தொடரலாம் என்பதற்கும், அந்தச் சடங்குக்கு ஒரேயொரு சாட்சியாவது தேவை என்பதற்கும் அது ஒருங்கே சான்றாகிறது.

இந்தியாவில் இப்படங்களுக்கான சபையைத் திரைப்படச் சங்கங்கள் அமைத்துத் தந்தன. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி அதன் முன்னோடி. ஒரே பிரதியைப் பலர் கூடிப் பார்த்து, பிறகு கூடிப் பேசும் அப்பழக்கத்திலிருந்து படைப்பாளிகளும் தோன்றினார்கள். பிரெஸ்ஸோனின் ‘ஓ அஸார் பல்தஸார்’ (1966) படத்தின் தூண்டலில் ஜான் ஆபிரகாம் தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’யை (1977) எடுத்தார், திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. பிரெஸ்ஸோனின் கழுதை மனிதரின் பாவங்களையெல்லாம் சுமந்து மலைச்சரிவில் ஆட்டு மந்தைக்கு நடுவே மடிகிறது. ஜான் ஆபிரகாமின் கழுதையை அக்ரகாரத்தார் கொன்றுவிட்டு, பிறகு அதன் பெயரால் அற்புதங்களைக் கண்டு தெய்வமாக்கத் துணிகிறார்கள். முதல் படம் குற்றமற்றதன் துன்பத்தைத் தியானிக்கிறது; இரண்டாவது, குற்றம் செய்தவர்களே தெய்வத்தை உண்டாக்கும் வழியை விசாரிக்கிறது. ஒரு சமயக் கேள்வி மொழியும் நிலமும் கடந்து வேறொரு கேள்வியாக வளர்வது, பார்த்ததைப் பிறரோடு விவாதிக்கும் சூழலில்தான் இயல்பாக நடக்கும்.

வாடகைச் செல்வம்

அணுகல் என்ற நன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. சந்தாதாரர் எந்தப் படத்தையும் உடைமையாகப் பெறுவதில்லை. கிரைட்டீரியன் தொகுப்பின் படங்களைத் தந்த ஃபிலிம்ஸ்ட்ரக் தளம், தொடங்கிய இரண்டே ஆண்டுகளில் 2018 நவம்பரில் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 2019 ஏப்ரலில் தொடங்கிய கிரைட்டீரியன் சேனல், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரியது. உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒரு படம் ஓரிரவில் பட்டியலிலிருந்து மறையும். நிலையாமையை இதிலிருந்து தனியாள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு பண்பாடு தன் நினைவைச் சந்தாவுக்கு அடகுவைக்க முடியாது. படச்சுருளையும் மீட்டெடுத்த பிரதியையும் காக்கும் பொதுக் காப்பகங்கள் தளங்கள் பெருகிய காலத்தில் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்றவற்றின் பணி, மடாலயங்கள் சுவடிகளைக் காத்த பணிக்கு நிகரான அறச்செயல்.

முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் விடை இது. இறைமையைத் தேடும் சினிமாவின் ஆற்றல் அரங்கத்தின் சுவர்களுக்குள் அடைபட்டதன்று. நைசீயச் சங்கம் படிமத்துக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். எனினும் ஃப்ளோரென்ஸ்கியின் எச்சரிக்கையைத் தள்ள முடியாது. இடமும் இருளும் கூட்டமும் பார்வைக்குத் துணைநின்றவை. அத்துணை நீங்கியபின் பார்வை தானாக நிலைக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. வீட்டுத் திரை புனிதத்தை அழிப்பதில்லை. அதற்கான பொறுப்பை அரங்கத்திடமிருந்து பார்ப்பவரிடம் மாற்றிவிடுகிறது. ஒரு படத்தைத் தேர்ந்தபின் வேறொன்றைத் தேடாதிருத்தல், தொடங்கியதை அறுக்காமல் முடித்தல், அதன் வேகத்துக்குத் தன்னை விடுதல், பார்த்ததை இன்னொருவரோடாவது பேசுதல் ஆகிய நான்கும் அப்பொறுப்பின் கூறுகள். இவற்றை ஏற்பவருக்கு ட்ரேயரும் ஓசுவும் தார்க்கோவ்ஸ்கியும் வீட்டிலும் முழுமையாகக் கிடைப்பார்கள். ஏற்காதவருக்கு, சந்தா கட்டியிருந்தாலும், அரங்கிலேயே அமர்ந்திருந்தாலும், அவர்கள் எட்டமாட்டார்கள்.